விமான நிலைய வரி: டிக்கெட்டில் நாம் கட்டும் பணம் எங்கே போகிறது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டத்திலும் தாமானிலும் பல வீடுகளில் திருச்சி, சென்னைப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். குலதெய்வக் கோயில், சொந்தத்தில் ஒரு கல்யாணம், சில வேளைகளில் தவிர்க்க முடியாத ஒரு துக்கம் என்று காரணங்கள் பல. கைப்பேசியிலேயே டிக்கெட் வாங்கிவிடுகிறோம். கட்டண விவரத்தைத் திறந்து பார்த்தால், விமானக் கட்டணத்துக்குக் கீழே வேறு சில தொகைகளும் இருக்கும். அவை என்ன என்று கேட்டால், "அதுதான் ஏர்போர்ட் டேக்ஸ்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

உண்மையில் அது ஒரே தொகை அல்ல. வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு தரப்புகளுக்குப் போகும் பல தொகைகள் அங்கே சேர்ந்து நிற்கின்றன. ஒன்று விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது. ஒன்று கூட்டரசு அரசாங்கத்தின் கருவூலத்துக்குப் போகிறது. மற்றொன்று விமானத் துறையைக் கண்காணிக்கும் அமைப்புக்கு. எந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான், கழிப்பறை நாறும்போதும், ரயில் ஓடாதபோதும், வரிசை நகராதபோதும் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

ஒரு திருச்சி டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம்

கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்திலிருந்து சிக்கன வகுப்பில் திருச்சிக்குப் புறப்படும் ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். இந்தியா ஆசியானுக்கு வெளியே உள்ள நாடு. ஆகவே அவர் கட்டும் பயணிகள் சேவைக் கட்டணம் 50 வெள்ளி. அதோடு புறப்பாட்டு லெவி 20 வெள்ளி. ஒழுங்குமுறைச் சேவைக் கட்டணம் 1 வெள்ளி. மொத்தம் 71 வெள்ளி.

அதே பயணி முதலாம் முனையத்திலிருந்து புறப்பட்டால் பயணிகள் சேவைக் கட்டணம் 73 வெள்ளி. மற்ற இரண்டும் மாறாது. மொத்தம் 94 வெள்ளி.

அப்பா, அம்மா, இரண்டு வயதைக் கடந்த மூன்று பிள்ளைகள் என ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டாம் முனையத்தில் 355 வெள்ளி. முதலாம் முனையத்தில் 470 வெள்ளி. முனையம் மாறுவதால் மட்டும் 115 வெள்ளி வேறுபாடு. பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கும் 50 வெள்ளிக் கட்டணமே பொருந்தும். ஏனென்றால் 73 வெள்ளி என்பது கேஎல்ஐஏ முதலாம் முனையத்துக்கு மட்டும் உரியது.

உள்நாட்டுப் பயணத்துக்குக் கணக்கு வேறு. பினாங்கிலிருந்து கோத்தா கினாபாலுவுக்குப் போகிறவர் கட்டும் பயணிகள் சேவைக் கட்டணம் 11 வெள்ளி. ஒழுங்குமுறைக் கட்டணம் 1 வெள்ளி. நாட்டை விட்டு வெளியேறாததால் புறப்பாட்டு லெவி கிடையாது. ஆனால் உள்நாட்டு விமானப் பயணம் சேவை வரிக்கு உட்பட்டது. அந்த வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக உள்ளது.

கட்டணம் வேறு, வரி வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் "டேக்ஸ்" என்றே சொல்கிறோம். ஐ.நா.வின் அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பான ஐகாவோ இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஒரு வசதியை அல்லது சேவையைத் தருவதற்கான செலவை ஈடுகட்ட வாங்குவது கட்டணம். அரசாங்கத்தின் பொது வருவாய்க்காக வாங்குவது வரி. வரிப் பணம் விமானத் துறைக்கே திரும்ப வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த அளவுகோலின்படி பார்த்தால், பயணிகள் சேவைக் கட்டணம் உண்மையிலேயே கட்டணம்தான். ஓடுபாதை, முனையம், பயணப்பெட்டிச் சோதனை, தீயணைப்பு ஆகியவற்றுக்கு அது விலை. புறப்பாட்டு லெவி வரியைச் சேர்ந்தது. மேலே சொன்ன 71 வெள்ளியில் 20 வெள்ளி, அதாவது கால் பங்குக்கும் சற்று மேல், விமான நிலையத்தை நடத்துபவரின் கணக்குக்குப் போவதில்லை.

இரண்டுக்கும் சட்டத்தின் துணை தேவை. கூட்டரசு அரசியலமைப்பின் 96ஆவது பிரிவு, கூட்டரசுச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் கூட்டரசின் தேவைக்காக எந்த வரியும் விதிக்கக்கூடாது என்கிறது. வசூலாகும் பணம் கூட்டரசு ஒருங்கிணைந்த நிதியில் சேரவேண்டும் என்பது 97ஆவது பிரிவு. அந்த நிதிக்குள் போன பிறகு, லெவியாக வந்த வெள்ளிக்கும் வருமான வரியாக வந்த வெள்ளிக்கும் வேறுபாடு இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகலாம், மருத்துவமனைக்கும் போகலாம், விமான நிலையத்துக்கும் வரலாம். ஆண்டுதோறும் நாடாளுமன்றம் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டம்தான் அதை முடிவு செய்கிறது.

அடித்தளமாக இருக்கும் சட்டங்கள்

நாட்டின் விமானத் துறைக்கு அடிப்படைச் சட்டம் 1969ஆம் ஆண்டின் பொது வான்போக்குவரத்துச் சட்டம். அந்தக் காலத்தில் விமான நிலையங்களைக் கட்டியதும் நடத்தியதும் கண்காணித்ததும் அரசாங்கமே. பணமும் பொதுக் கருவூலத்திலிருந்தே வந்தது. 1965இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம் அப்படி உருவானதுதான்.

1991ஆம் ஆண்டில் விமான நிலைய, வான்போக்குவரத்துச் சேவைகளை நடத்தும் நிறுவனத்துக்கான சட்டம் வந்தது. விமான நிலையங்களை நடத்தும் வேலை அரசாங்கத் துறையிடமிருந்து தனி நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்றைய மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். 1999இல் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

2009இல் அரசாங்கத்துக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையே செயல்பாட்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. விமான நிலையங்களை நடத்தும் உரிமைக்காக நிறுவனம் தன் வருவாயில் ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். அரசாங்கம் பயணிகளின் நலன் கருதிக் கட்டணத்தை ஒப்பந்த அளவைவிடக் குறைவாக வைத்தால், அந்த வேறுபாட்டை அரசாங்கம் ஈடுகட்ட வேண்டும். கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்தாலும் செலவு மறைந்துவிடுவதில்லை. பயணியின் பைக்குப் பதிலாக வரி செலுத்துவோரின் பைக்கு மாறுகிறது. 2024இல் இந்த ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டு, நடத்தும் உரிமை 2069 வரை நீட்டிக்கப்பட்டது.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மலேசிய வான்போக்குவரத்து ஆணையமான மாவ்கோம் உருவாகி, 2016 மார்ச் முதல் இயங்கியது. கட்டணத்தை நிர்ணயிப்பது, போட்டியைக் கண்காணிப்பது, பயணிகளின் புகாரைக் கவனிப்பது ஆகியவை அதன் வேலைகள். 2017ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், பழைய பொது வான்போக்குவரத்துத் துறைக்குப் பதிலாக மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மை 2018 பிப்ரவரியில் ஏற்படுத்தியது. பாதுகாப்பும் வான்வழிக் கட்டுப்பாடும் அதன் பொறுப்பு. 2025 ஆகஸ்ட் 1இல் மாவ்கோம் கலைக்கப்பட்டு அதன் பணிகள் சிஏஏஎம்முடன் இணைக்கப்பட்டன. கட்டணம், பாதுகாப்பு, பயணிகளின் புகார் மூன்றுக்கும் இன்று ஒரே வாசல்தான்.

பயணிகள் சேவைக் கட்டணம் எப்படி மாறி வந்தது?

விமான நிலையத்துக்கு இரண்டு வகை வருமானம் உண்டு. முதலாவது, விமானம் சார்ந்த வருமானம். பயணிகள் சேவைக் கட்டணமும், விமானத்தின் எடையைப் பொறுத்து வாங்கும் தரையிறங்கும் கட்டணமும், நிறுத்திவைக்கும் கட்டணமும் இதில் அடங்கும். இரண்டாவது, வணிக வருமானம். கடை வாடகை, கார் நிறுத்துமிடம், விளம்பரப் பலகை போன்றவை. முதல் வகையைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. விருப்பம்போல் ஏற்ற முடியாது.

2017 ஜனவரி 1 முதல் மாவ்கோம் கட்டணத்தை மூன்று படிகளாக்கியது. உள்நாட்டுக்கு 11 வெள்ளி, ஆசியான் நாடுகளுக்கு 35 வெள்ளி, அதற்கு அப்பால் 73 வெள்ளி. அப்போது கேஎல்ஐஏ 2 என்று அழைக்கப்பட்ட முனையத்துக்கு மட்டும் மூன்றாம் படி 50 வெள்ளியாக இருந்தது. 2018 ஜனவரியில் அதுவும் 73 வெள்ளியானது.

இதுவே பெரிய வழக்காயிற்று. சுமார் 400 கோடி வெள்ளிச் செலவில் கட்டப்பட்டு 2014 மே மாதம் திறக்கப்பட்ட அந்த முனையம், மலிவுக் கட்டண விமானங்களுக்கானது. வசதி குறைந்த முனையத்தில் எங்கள் பயணிகள் ஏன் அதே கட்டணம் கட்ட வேண்டும் என்று கேட்ட ஏர் ஆசியா, கூடுதல் 23 வெள்ளியைப் பயணிகளிடம் வசூலிக்க மறுத்தது. விமான நிலைய நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் விமான நிலைய நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொகை 4 கோடி வெள்ளிக்கும் அதிகம். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், கேஎல்ஐஏ முதன்மை முனையம் தவிர மற்ற எல்லா இடங்களிலும் அந்தக் கட்டணம் 50 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. இன்று திருச்சிப் பயணி இரண்டாம் முனையத்தில் 23 வெள்ளி குறைவாகக் கட்டுவதற்குப் பின்னணி இதுதான்.

2024 ஜூன் 1 முதல் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை கட்டணம் கட்டாத, விமானம் மாறிச் செல்லும் பயணிகளும் கட்ட வேண்டியதாயிற்று. உள்நாட்டில் மாறுவோருக்கு 7 வெள்ளி. அனைத்துலகப் பயணத்துக்கு மாறுவோருக்கு முதலாம் முனையத்தில் 42 வெள்ளி, இரண்டாம் முனையத்தில் 29 வெள்ளி. விமானம் மாறுகிறவரும் அதே ஓடுபாதையையும் கூடத்தையும் கழிப்பறையையும்தானே பயன்படுத்துகிறார் என்பது இதன் நியாயம். இந்தக் கட்டண அமைப்பு 2026 இறுதி வரைக்குமானது.

ஒரு வெள்ளியும் இருபது வெள்ளியும்

ஒழுங்குமுறைச் சேவைக் கட்டணமான 1 வெள்ளி 2018 மே மாதம் அறிமுகமானது. கண்காணிப்பு அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் அரசாங்கத்திடம் கை நீட்டாமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். தொகை சிறிது. ஆனால் விமான நிறுவனங்களையும் விமான நிலையத்தையும் கேள்வி கேட்கும் அமைப்பு, அவர்களிடமே பணம் எதிர்பார்த்து நிற்கக்கூடாது அல்லவா?

புறப்பாட்டு லெவியின் கதை வேறு. 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய நிதி அமைச்சர் லிம் குவான் எங் அதை அறிவித்தார். 2019ஆம் ஆண்டின் புறப்பாட்டு லெவிச் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. சிக்கன வகுப்பில் ஆசியான் நாடுகளுக்குச் செல்வோருக்கு 8 வெள்ளி, மற்ற நாடுகளுக்கு 20 வெள்ளி. உயர் வகுப்பில் முறையே 50 வெள்ளி, 150 வெள்ளி. டிக்கெட்டோடு விமான நிறுவனம் வசூலித்து அரச மலேசியச் சுங்கத்துறையிடம் கட்டுகிறது. உள்நாட்டுச் சுற்றுலாவை ஊக்குவிப்பது அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

சொந்தங்களைப் பார்க்கத் தமிழ்நாடு போகிறவரைப் பொறுத்தவரை, லங்காவிக்குப் போ என்று சொல்வது மாற்று வழி ஆகாது. சிங்கப்பூருக்கோ பேங்காக்குக்கோ போகிறவர் 8 வெள்ளி கட்ட, பாட்டியின் காரியத்துக்குப் போகிறவர் 20 வெள்ளி கட்டுகிறார். தொலைவை வைத்துப் பிரித்தார்களே தவிர, பயணத்தின் தேவையை வைத்து அல்ல.

பணம் பாதுகாப்பாக மாறும் இடம்

விமான நிலையச் செலவில் பெரும்பகுதி பயணியின் கண்ணில் படுவதே இல்லை. பளபளக்கும் கடைகள் தெரியும். ஓடுபாதையில் படியும் டயர் ரப்பரைச் சுரண்டி எடுக்கும் வேலை தெரியாது. அந்த ரப்பர் படிந்த இடம் மழையில் வழுக்கும். குறித்த இடைவெளியில் ஓடுபாதையின் பிடிப்பை அளந்து பார்க்க வேண்டும். விளக்குகளைச் சரிபார்க்க வேண்டும். பறவைகள் வந்து சேராதபடி புல்லை வெட்டி, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அளவுகோல் ஐகாவோவின் 14ஆவது இணைப்பு. ஓடுபாதை முடிந்த பிறகு 60 மீட்டர் இடமும், அதற்கு அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதியும் இருக்க வேண்டும். பெரிய விமானங்கள் இறங்கும் நிலையங்களில் அந்தப் பாதுகாப்புப் பகுதி 240 மீட்டர் இருப்பது நல்லது என்பது பரிந்துரை. பிரேக் பிடிக்காமல் ஓடுபாதையைத் தாண்டும் விமானம் சாலையிலோ பள்ளத்திலோ விழாமல் தடுப்பது அந்த வெற்று நிலம்தான். அதில் கடை கட்ட முடியாது, வருமானம் வராது. ஆனாலும் நிலம் வாங்கிச் சமன் செய்து வைத்திருக்க வேண்டும்.

தீயணைப்புக்கும் அளவுகோல் உண்டு. விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து நிலையங்கள் 1 முதல் 10 வரை தரம் பிரிக்கப்படுகின்றன. ஏர்பஸ் ஏ380 போன்ற விமானத்துக்குப் பத்தாம் தரம் வேண்டும். ஓடுபாதையின் எந்த மூலையில் விபத்து நடந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் முதல் வண்டி நுரையைப் பாய்ச்சத் தொடங்கியிருக்க வேண்டும். ஆண்டு முழுதும் ஒரு விபத்தும் நடக்காவிட்டாலும், இரவு பகலாக ஆட்களும் வண்டிகளும் தயாராக நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் நாம் கட்டணம் கட்டுகிறோம்.

குடிநுழைவு முகப்பு இந்தக் கணக்கில் சேராது. கடப்பிதழைச் சோதிக்கும் அதிகாரிகள் அரசாங்க ஊழியர்கள். அவர்களுடைய சம்பளம் பொது வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. பயணப்பெட்டி வரத் தாமதமானால் கேள்வி ஒரு பக்கம். கடப்பிதழ் வரிசை நகராவிட்டால் கேள்வி இன்னொரு பக்கம்.

கண்காணிப்புக்குப் பணம் குறைந்தால்

ஓடுபாதை நன்றாக இருந்தால் போதாது. அதைச் சோதிப்பவரும் திறமையாக இருக்க வேண்டும். இதை நாம் அனுபவித்தே கற்றோம். 2019 நவம்பர் 11இல் அமெரிக்கக் கூட்டரசு வான்போக்குவரத்து நிர்வாகம் மலேசியாவின் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் வகைக்கு இறக்கியது. விமான நிறுவனங்களின் மேல் குறை சொல்லவில்லை. நம் கண்காணிப்பு அமைப்பில் தொழில்நுட்ப அறிவு, பயிற்சி பெற்ற ஆட்கள், ஆவணப் பராமரிப்பு, சோதனை நடைமுறை ஆகியவற்றில் குறை இருப்பதாகச் சொல்லப்பட்டது.

விளைவு, மலேசிய விமான நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியவில்லை. முதல் வகைத் தரம் திரும்பக் கிடைத்தது 2022 அக்டோபர் 1இல்தான். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். சோதனை அதிகாரிகளைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, தக்கவைக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை உறுதிப்படுத்துவது சட்டம். அதனால்தான் சிஏஏஎம் அரசாங்க ஒதுக்கீட்டை மட்டும் நம்பாமல், உரிமக் கட்டணம், வான்வழிக் கட்டணம் ஆகியவற்றையும் வாங்க அதன் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

ஏரோட்ரெயின் சொல்லும் பாடம்

கேஎல்ஐஏ 1998 ஜூனில் சிப்பாங்கில் திறக்கப்பட்டபோது, செம்பனைத் தோட்டங்களாக இருந்த நிலத்தில்தான் அது எழுந்தது. முதன்மைக் கட்டடத்தையும் துணைக் கட்டடத்தையும் இணைத்த ஏரோட்ரெயின் அன்று பெருமைக்குரிய காட்சியாக இருந்தது. 2023 மார்ச் முதல் நாள் அது நடுவழியில் நின்று, பயணிகள் தண்டவாளத்தில் நடந்து வர நேர்ந்தது. மறுநாளே சேவை நிறுத்தப்பட்டது. 45 கோடியே 60 லட்சம் வெள்ளித் திட்டத்தின்கீழ் புதிய ரயில் வந்து, 2025 ஜூலை 1இல்தான் மீண்டும் ஓடியது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணிகள் பேருந்தில் ஏற்றப்பட்டார்கள். கட்டணம் மட்டும் அதே 73 வெள்ளி.

கட்டணத்தைக் கட்டுப்படுத்துவதோடு தரத்தையும் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. மாவ்கோம் 2018இல் கேஎல்ஐஏவில் சேவைத் தரத் திட்டத்தைத் தொடங்கியது. கழிப்பறைத் தூய்மை, வரிசையில் நிற்கும் நேரம், பயணப்பெட்டி வரும் நேரம் ஆகியவற்றை அளந்து, தவறினால் விமானம் சார்ந்த வருமானத்தில் 5 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம் என்பது அதன் விதி. வாங்கிய பணத்துக்கு வேலை நடந்ததா என்று கேட்க இதுவே சட்டம் கொடுத்த கருவி.

பெரிய நிலையம் சிறிய நிலையத்தைத் தாங்குகிறது

மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனம் நாட்டில் 39 விமான நிலையங்களை நடத்துகிறது. அவற்றில் லாபம் ஈட்டுபவை சிலவே. சரவாக்கின் பாரியோ, பாகெலாலான் போன்ற மலைப்பகுதிகளில் குட்டையான ஓடுபாதை கொண்ட சிறு நிலையங்கள் உள்ளன. அங்கே சிறு விமானம் வருவதுதான் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் வழி. அந்த நிலையத்தின் செலவை அங்குள்ள பயணிகளிடம் வாங்கினால் யாராலும் பயணம் செய்ய முடியாது. ஆகவே கேஎல்ஐஏ போன்ற பெரிய நிலையங்களின் வருமானம் சிறிய நிலையங்களைத் தாங்குகிறது. அந்தக் கிராமப்புற விமானச் சேவைக்கு அரசாங்கமும் மானியம் கொடுக்கிறது. திருச்சிக்குப் போகிறவர் கட்டும் 50 வெள்ளியில் ஒரு சிறு பகுதி பாரியோவுக்கும் போகிறது என்றால் தவறில்லை.

ஆனால் பயணியை மட்டும் நம்பும் முறைக்குப் பலவீனமும் உண்டு. 2019இல் இந்நாட்டு விமான நிலையங்களை 10 கோடிக்கும் அதிகமான பயணிகள் பயன்படுத்தினார்கள். கோவிட் வந்த 2020இல் அது ஏறக்குறைய கால் பங்காகச் சரிந்தது. தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கையைக் கால் பங்காக்க முடியுமா? முடியாது. வருமானம் விழுந்தாலும் பாதுகாப்புச் செலவு விழாது.

உரிமையாளர்களைப் பற்றியும் ஒரு செய்தி. 2025 பிப்ரவரியில் மலேசியா ஏர்போர்ட்ஸ் பங்குச் சந்தையிலிருந்து விலகியது. இப்போது கசானாவின் தரப்புக்கு 40 விழுக்காடும், ஊழியர் சேமநிதி வாரியத்துக்கு 30 விழுக்காடும், அபுதாபி முதலீட்டு ஆணையமும் குளோபல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பார்ட்னர்ஸ் நிறுவனமும் அடங்கிய குழுவுக்கு 30 விழுக்காடும் உள்ளன. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்து இபிஎஃப் கட்டுகிற ஒவ்வொருவரும் இந்த வகையில் விமான நிலையத்தின் பங்காளிகள். பயணியாகக் கட்டணம் குறைய வேண்டும் என்போம். சேமநிதிச் சந்தாதாரராக லாபம் கூட வேண்டும் என்போம். இரண்டுக்கும் நடுவில் நின்று நியாயம் பார்ப்பதுதான் கண்காணிப்பு ஆணையத்தின் வேலை.

அண்டை வீட்டில் எப்படி?

ஜொகூர் தமிழர்கள் பலர் சாங்கி வழியாகத்தான் தமிழ்நாடு போகிறார்கள். 2024 ஏப்ரல் முதல் அங்கே புறப்படும் பயணி கட்டும் மொத்தத் தொகை 65 சிங்கப்பூர் டாலர் 20 காசு. அது மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. 46 டாலர் 40 காசு விமான நிலையச் சேவைக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும். 8 டாலர் கண்காணிப்பு ஆணையத்துக்கான லெவி. 10 டாலர் 80 காசு விமான நிலைய மேம்பாட்டு லெவி. மேம்பாட்டு லெவி 2018 ஜூலையில் தொடங்கியது. ஐந்தாம் முனையம் அடங்கிய சாங்கி கிழக்குத் திட்டத்துக்கானது. இன்னும் கட்டி முடிக்காத முனையத்துக்கு இன்றைய பயணி பணம் கட்டுகிறார். ஆனால் எதற்குக் கட்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிகிறது.

அமெரிக்காவில் 1970 முதல் இதற்கென்றே ஒரு தனி நிதி இருக்கிறது. உள்நாட்டு டிக்கெட்டில் 7.5 விழுக்காடு வரி, எரிபொருள் வரி போன்றவை அதில் சேர்கின்றன. ஓடுபாதைப் பணிகளுக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டுக்கும் அதிலிருந்து பணம் போகிறது. ஆனால் வசூலிக்கும் அதிகாரத்தை அவர்களின் நாடாளுமன்றம் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2011 ஜூலையில் கட்சிச் சண்டையால் புதுப்பிக்கவில்லை. சுமார் இரண்டு வாரங்களுக்கு டிக்கெட் வரி வசூலிக்க முடியவில்லை. ஏறக்குறைய 4,000 ஊழியர்கள் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விமான நிலையக் கட்டுமானப் பணிகள் நின்றன. பல விமான நிறுவனங்கள் அந்த வரியளவுக்குத் தங்கள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டதால் பயணிக்கும் லாபமில்லை. சட்டம் நின்றால் பணம் நிற்கும், பணம் நின்றால் வேலை நிற்கும் என்பதற்கு அது நேரடிச் சான்று.

பயணிகள் நினைவில் வைக்க வேண்டியவை

டிக்கெட் வாங்கியும் பயணம் செய்யாமல் போனால், விமானக் கட்டணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டாக இருந்தாலும் பயணிகள் சேவைக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். விமான நிலையத்தைப் பயன்படுத்தாதவருக்கு அந்தச் செலவு இல்லை என்பதே காரணம். விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காலக்கெடு உண்டு என்பதால் தாமதிக்க வேண்டாம். ஐந்து பேர் பயணம் ரத்தானால் 250 வெள்ளி; விட்டுக்கொடுக்கிற தொகை அல்ல.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பயணிகள் சேவைக் கட்டணமும் புறப்பாட்டு லெவியும் கிடையாது. டிக்கெட்டில் இருந்தால் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, விமான நிறுவனம் வரியும் கட்டணமும் சேர்ந்த முழு விலையைக் காட்ட வேண்டும். எது எவ்வளவு என்ற பிரிவையும் பார்க்க முடிய வேண்டும். முகவர் மூலம் வாங்குகிறவர்கள் மொத்தத் தொகையோடு நிற்காமல், இந்தப் பிரிவு உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 'டேக்ஸ்' என்ற பெயரில் முகவர் தன் சேவைக் கட்டணத்தைச் சேர்த்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

போய்வரும் டிக்கெட்டில் திரும்பும் வழிக்கு இந்திய விமான நிலையக் கட்டணங்கள் தனியாக இருக்கும். அவை இந்தியச் சட்டப்படி அந்நாட்டு நிலையங்களுக்குப் போகின்றன. மலேசியக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புகார் இருந்தால் முதலில் விமான நிறுவனத்திடம் அல்லது விமான நிலையத்திடம் எழுத்து மூலம் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் சிஏஏஎம்மிடம் போகலாம். டிக்கெட், ரசீது, படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

தற்போதைய கட்டண அமைப்பு 2026 இறுதியோடு முடிகிறது. அடுத்த கட்டணத்தை முடிவு செய்யும்போது எல்லாத் தரப்பும் தத்தம் கணக்கை முன்வைக்கும். நாமும் "ஏன் ஏற்றுகிறீர்கள்" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், ஏற்றும் தொகை எந்த ஓடுபாதைக்கு, எந்த ரயிலுக்கு, எத்தனை சோதனை அதிகாரிகளுக்கு என்று கேட்க வேண்டும். புறப்பாட்டு லெவியாகக் கட்டும் 20 வெள்ளியைப் பற்றிய கேள்வியை விமான நிலையத்திடம் கேட்டுப் பயனில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள்.